மெர்சே திருவிழாவில் எவுலாலியா அழுகிறாள்

பார்சிலோனாவில் செப்டம்பர் 24 அன்று மழை பெய்தால் வானிலை ஆய்வாளர்கள் ஒரு காரணம் சொல்வார்கள், ஊர்க்காரர்கள் வேறொன்று சொல்வார்கள். கோடை முழுவதும் வெயிலில் காய்ந்து சூடேறிய மத்தியதரைக் கடலின் மேல் செப்டம்பர் கடைசியில் குளிர்ந்த மேலடுக்குக் காற்று வந்து சேரும்போது இடியும் மின்னலுமாகக் கொட்டித் தீர்ப்பது அந்தக் கடற்கரைக்கு வழக்கமான ஒன்று என்பது முதற்காரணம். அன்று நகரம் தன் பாதுகாவலியான, மெர்சே என்ற பெயரில் வணங்கும் மரியன்னைக்குப் பெருவிழா எடுக்கிறது, அதைப் பொறுக்க மாட்டாமல் பழைய பாதுகாவலியான எவுலாலியா அழுகிறாள் என்பது இரண்டாவது. வேலை நிமித்தமாக அந்த நகரில் குடியிருந்த நாட்களில் இந்த இரண்டாவது காரணத்தை நான் பலர் வாயிலாகக் கேட்டிருக்கிறேன். சந்த் ஜாவுமே சதுக்கத்தில் மனிதக் கோபுரம் எழுப்ப வந்தவர்கள் மழைக்கு ஒதுங்கி நிற்கையில், அருகில் நின்ற மூதாட்டி ஒருவர் வானத்தைப் பார்த்து, வீட்டில் கோபித்துக்கொண்ட பேத்தியைப் பற்றிச் சொல்வதுபோல் அதைச் சொன்னார். அவர் சொன்னதில் எனக்கு வியப்பில்லை. ஞானஸ்நானத்துக்குப் பிறகு கோவில் பக்கமே போகாதவர் என்று தம்மைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்ளும் அலுவலக நண்பர் ஒருவரும் அதே வாக்கியத்தை அதே தொனியில் சொன்னபோதுதான் அது எனக்குள் நெருடத் தொடங்கியது.

கடவுளே இல்லை என்பவருக்கு எவுலாலியா எப்படி அழுகிறாள் என்று அவரிடம் கேட்டேன். அது சும்மா ஒரு பேச்சு என்றார். பேச்சுதான், ஆனால் எத்தனையோ பேச்சுகள் செத்துப்போன ஊரில் இது மட்டும் ஏன் பிழைத்துக் கிடக்கிறது என்பதற்கு அவரிடம் விடை இல்லை. பார்சிலோனாவைத் தலைநகராகக் கொண்ட கத்தலோனியாவின் புனிதர்களைப் பற்றி இன்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே முடிவுக்குத்தான் வருகிறார்கள்: நம்பிக்கை வடிந்துவிட்டது, பண்பாடு எஞ்சியிருக்கிறது, புனிதர்கள் இன அடையாளத்தின் சின்னங்களாகிவிட்டார்கள். சான் ஜோர்தி (புனித ஜார்ஜ்) விஷயத்தில் இந்த விளக்கம் கச்சிதமாகப் பொருந்துகிறது. எவுலாலியா விஷயத்தில் பொருந்தவில்லை என்பது என் எண்ணம். அடையாளம் தேடும் ஊர் வென்றவரைத்தான் தூக்கிப் பிடிக்கும். தோற்றவரின் மனக்குறையை முந்நூறு ஆண்டுக்கு மேலாக எதற்காகப் பாதுகாக்க வேண்டும்?

பதின்மூன்று வயதுப் பெண்

எவுலாலியாவின் கதையை அந்நகரத்துக் குழந்தைகள் பாடப்புத்தகம் இல்லாமலே அறிந்திருக்கிறார்கள். உரோமைப் பேரரசர் தியோக்ளேசியன் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நகருக்கு வெளியே சர்ரியா பக்கத்தில் பெற்றோருடன் வாழ்ந்த சிறுமி அவள். ஆளுநன் தாசியனின் முன் தானாகவே போய் நின்று வாதாடினாள். அவளுடைய வயதுக்குச் சமமாகப் பதின்மூன்று வதைகள் விதிக்கப்பட்டன. உடைந்த கண்ணாடி நிரப்பிய பீப்பாய்க்குள் அடைத்துச் சரிவான தெருவொன்றில் உருட்டிவிட்டதாக ஒரு வதை. அந்தத் தெரு இன்றும் அவள் பெயரில்தான் இருக்கிறது, நடந்து இறங்கினால் கால்மூட்டுகள் அதன் சரிவை நம்பிவிடும். கடைசியில் எக்ஸ் வடிவச் சிலுவையில் அறைந்தார்கள். ஆடையின்றிக் கிடந்த உடலை ஊரார் பார்வையிலிருந்து மறைக்க வானத்திலிருந்து வெண்பனி பொழிந்தது. அவளுடைய திருநாளான பிப்ரவரி 12 குளிர்காலத்தில்தான் வருகிறது என்றாலும், கடலோர நகரமான பார்சிலோனாவில் பனி பொழிவது அரிது என்பதால் அது அற்புதம் ஆகிறது.

வரலாற்றாசிரியர்கள் இந்தக் கதையின் அடிமட்டத்திலேயே கை வைக்கிறார்கள். ஸ்பெயினின் தென்மேற்கில் உள்ள மெரிதா நகரிலும் ஓர் எவுலாலியா உண்டு. அவளும் கன்னி, அவளும் சிறுமி, அவளும் அதே துன்புறுத்தலில் நம்பிக்கைக்காக உயிர்விட்ட மறைசாட்சி. அவளைப் பற்றிக் கவிஞர் புருதென்சியஸ் பாடிய பழைய பாமாலை இருக்கிறது. பார்சிலோனாக்காரிக்கு அவ்வளவு பழைய சான்று கிடையாது. ஆகவே மெரிதாவின் புனிதையை இங்கே இறக்குமதி செய்து உள்ளூர்ப் பெற்றோரும் உள்ளூர்த் தெருவும் கொடுத்துவிட்டார்கள் என்று சந்தேகிப்பவர்கள் பலர். நகரம் இதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. 878ஆம் ஆண்டையொட்டி ஆயர் ஃப்ரொதொயி அவளுடைய எலும்புகளைக் கண்டெடுத்தார். பேராலயத்துக்கு ஊர்வலமாகக் கொண்டுவரும் வழியில், நகர வாயிலருகே பேழை திடீரென்று அசைக்க முடியாதபடி கனத்துப் போனது. வானதூதர் ஒருவர் தோன்றி ஊர்வலத்தில் இருந்த ஒரு குருவைச் சுட்டிக்காட்ட, அவர் திருடி வைத்திருந்த கால்விரல் எலும்பைத் திரும்ப வைத்ததும் பேழை இலேசானது என்பது மரபுக்கதை. அந்த இடம் இன்றும் வானதூதர் சதுக்கம்தான். எனக்கு இந்தக் கதையில் பிடித்தது அவளுடைய குணம். ஒரு விரல் குறைந்தால்கூட நகர மாட்டேன் என்று நடுத்தெருவில் உட்கார்ந்துகொண்டவள், பட்டத்தையே பறித்தால் சும்மா இருப்பாளா?

1339இல் பீசா நகரச் சிற்பி செதுக்கிய பளிங்குப் பேழையில் வைத்து, பேராலயத்தின் நிலவறையில் அவளை இறுதியாக அடக்கம் செய்தார்கள். அந்தப் பேராலயத்தின் முழுப்பெயர் திருச்சிலுவை மற்றும் புனித எவுலாலியா பேராலயம். அதன் உள்முற்றத்தில் பதின்மூன்று வெள்ளை வாத்துகளை வளர்க்கிறார்கள். அவளுடைய வயதுக்கு ஆண்டுக்கொன்று. சுற்றுலாப் பயணிகள் வாத்துகளைப் படமெடுத்துக்கொண்டு நிலவறைக்குப் போகாமலே திரும்பிவிடுவதை அடிக்கடி பார்க்கலாம்.

வெட்டுக்கிளிகள் வந்த ஆண்டு

மெர்சே அன்னை அந்த ஊருக்கு அயலார் அல்லர். 1218இல் மரியன்னை பேதுரு நொலாஸ்கோவுக்கும், அரசர் முதலாம் ஜாவுமேவுக்கும், பெனியஃபோர்ட் ஊர் இராய்முந்துக்கும் ஒரே இரவில் தோன்றி, கடற்கொள்ளையரிடமும் வட ஆப்பிரிக்கச் சிறைகளிலும் சிக்கிய கிறிஸ்தவ அடிமைகளைப் பணம் கொடுத்து மீட்பதற்கு மெர்சே சபை என்ற துறவற சபையை நிறுவச் சொன்னதாக மரபு. துறைமுக நகரம் ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான பக்தி கிடையாது. எந்த வீட்டிலிருந்தும் ஒரு மகன் கடலில் போய்த் திரும்பாமல் இருந்திருக்கலாம். சபை தொடங்கிய சடங்கு நடந்தது பேராலயத்தில், சபையாரின் தொடக்ககாலத் தலைமை இல்லம் எவுலாலியாவின் பெயர் தாங்கிய மருத்துவமனை. அதாவது மெர்சே முதலில் எவுலாலியாவின் வீட்டு விருந்தாளி. 1361இல் பேரே மொராகஸ் செதுக்கிய அன்னையின் அமர்ந்த சுரூபம் துறைமுகத்தை ஒட்டிய ஆலயத்தில் இன்றும் இருக்கிறது. சிறுமியும் தாயும் பல நூற்றாண்டுகள் ஒரே ஊரில் உரசலின்றி வாழ்ந்தார்கள்.

1687இல் அது மாறியது. கத்தலோனிய வயல்களில் வெட்டுக்கிளிகள் இறங்கியிருந்தன. விளைச்சல் போன நேரத்தில் அரசனின் படைகளுக்குத் தங்க இடமும் சோறும் கொடுக்க வேண்டிய சுமையும் சேர்ந்துகொள்ள, அதே ஆண்டில் கிராமப்புறங்களில் உழவர் கலகம் வெடித்தது. பார்சிலோனாவை ஆண்ட நூற்றுவர் அவை நகரை மெர்சே அன்னையின் கைகளில் ஒப்படைத்து வேண்டிக்கொண்டது. வெட்டுக்கிளிகள் அகன்றன. சொன்ன சொல்லைக் காப்பாற்றும் விதமாக அவை மெர்சே அன்னையை நகரின் பாதுகாவலியாக அறிவித்தது.

என் மனம் வந்து நின்றுவிடும் இடம் இதுதான். இது பக்திப் பரவசத்தில் நடந்த செயல் அன்று. ஒரு நகராட்சி மன்றம் கூடி எடுத்த முடிவு. வணிகர்களும் கைவினைஞர்களும் சட்டம் தெரிந்தவர்களும் உட்கார்ந்திருந்த அவை, வேண்டுதல் நிறைவேறியதற்கு விலையாக, தன் அதிகாரத்தில் இருந்த மிகப் பெரிய பட்டத்தைக் கொடுத்தது. உரோமை அதற்கு ஒப்புதல் அளித்தது 1868இல், திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் காலத்தில். இடையில் 181 ஆண்டுகள் கடந்திருந்தன. பட்டம் கொடுத்த அவையே கலைக்கப்பட்டு ஒன்றரை நூற்றாண்டு ஆகியிருந்தது. திருச்சபை ஒப்புதல் கொடுக்கும்வரை மெர்சே பாதுகாவலி இல்லை என்று நகரத்தில் யாரும் நினைத்ததாகத் தோன்றவில்லை. நியமனம் ஊருடையது, முத்திரைதான் உரோமையுடையது.

எவுலாலியா முற்றிலும் நீக்கப்பட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவள் இன்றும் இணைப் பாதுகாவலி. பேராலயமும் கல்லறையும் திருநாளும் அவளிடமே இருக்கின்றன. ஆனால் செப்டம்பர் 24 நகருக்குப் பொது விடுமுறை, பிப்ரவரி 12 வேலை நாள். பார்சிலோனா காற்பந்துக் கழகம் கோப்பையை வென்றால் மரபுப்படி அதைக் கொண்டுபோய்ப் படைத்தது மெர்சே அன்னையின் காலடியில். பட்டாசுத் தீப்பொறிக்குள் ஆடும் பேய்வேடக்காரர்கள், அரசனும் அரசியுமான இராட்சத பொம்மைகள், மனிதக் கோபுரங்கள் எல்லாவற்றுக்கும் உச்சம் செப்டம்பரில்தான்.

ஊரும் புனிதரும் போட்டுக்கொண்ட ஒப்பந்தம்

கத்தலோனியாவில் வேறு ஊர்களைப் பார்த்தால் இந்த நியமன மனப்பான்மை பார்சிலோனாவுக்கு மட்டும் உரியதன்று என்பது தெரியும். ஜிரோனாவின் பாதுகாவலர் ஆயரும் மறைசாட்சியுமான புனித நர்சீஸ். 1285இல் பிரெஞ்சு மன்னன் மூன்றாம் பிலிப்பின் படை அந்நகரைப் பிடித்து அவருடைய கல்லறையை அவமதித்தபோது, உடலிலிருந்து ஈக்கள் கூட்டமாகக் கிளம்பி வீரர்களையும் குதிரைகளையும் கடித்துக் கொன்றன என்கிறது கதை. பிரெஞ்சுப் படையைக் கொள்ளைநோய் வாட்டியதும், மன்னன் அந்த ஆண்டே திரும்பும் வழியில் பெர்ப்பிஞ்ஞானில் இறந்ததும் வரலாறு. ஜிரோனாக்காரர்கள் இதை நன்றியோடு நினைவில் வைத்திருந்து, 1808இல் நெப்போலியனின் படை நெருங்கியபோது, ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய பணிக்காலத்தை மதித்துப் புனித நர்சீஸைப் படைகளின் தலைமைத் தளபதியாக முறைப்படி நியமித்தார்கள். சிரித்துவிட்டுப் போகலாம், ஆனால் அந்த நியமனத்தில் இருந்த ஒழுங்கு என்னைச் சிரிக்க விடவில்லை. பதவி, பொறுப்பு, எதிரி எல்லாம் தெளிவாக இருந்தன. (1809இல் நகரம் மறுபடியும் வீழ்ந்தது. அதற்காக அவரை யாரும் பதவி நீக்கவில்லை.)

உழவர்களின் கதை இன்னும் கடுமையானது. பழைய கத்தலோனியாவில் உழவர்களின் பாதுகாவலர் கல்தரீக். கானிகோ மலைமேல் உள்ள சான் மார்த்தி மடத்தில் அவருடைய அருளிக்கம் (உடலின் எச்சம்) இருந்தது. மழை பொய்த்தால் அதை மலையிலிருந்து இறக்கி, சமவெளி வழியாகக் கடற்கரைவரை ஊர்வலமாகத் தூக்கிச் சென்று நீரில் நனைப்பார்கள். தோட்டக்காரர்களுக்கு அப்தோன், செனென் என்ற இரட்டைப் புனிதர்கள் இருந்தார்கள். 1622இல் மத்ரீத் நகரின் உழவரான இசிதோருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. அதே நாளில், அதே சடங்கில் பட்டம் பெற்றவர்களில் நம் முத்துக்குளித்துறையில் நடந்து திரிந்த சவேரியாரும் ஒருவர். அரசவையின் ஆதரவோடு வந்த இசிதோர் மெல்ல மெல்லக் கத்தலோனியக் கிராமங்களின் பீடங்களில் ஏறி அமர்ந்தார், பழையவர்கள் ஓரத்துக்கு நகர்ந்தார்கள். கல்தரீக் எங்காவது அழுகிறார் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவருக்கு மழை வரவழைக்கத் தெரிந்திருந்தும்.

சான் ஜோர்தியை இந்த வரிசையில் வைத்தால் அவர் வேறு வகை. லித்தாவில் இறந்ததாகச் சொல்லப்படும் கிழக்கத்திய வீரர் அவர். கத்தலோனிய மண்ணை மிதித்தவரே அல்லர். 1456இல் கத்தலோனிய நாடாளும் மன்றம் கூடி அவருடைய நாளான ஏப்ரல் 23ஐ விழாவாக அறிவித்தது, அதுவும் நியமனமே. அன்று ரோஜா கொடுக்கும் வழக்கம் பழையது. புத்தகம் கொடுப்பது வலென்சியாக்காரரான பதிப்பாளர் விசென்ட் கிளாவெலின் யோசனையால் 1926இல் அக்டோபர் 7 அன்று தொடங்கி, 1930இல் ஏப்ரல் 23க்கு மாற்றப்பட்டது. இன்று அந்த நாளில் பார்சிலோனாவின் தெருக்களில் நகர முடியாது, ஆனால் ஜோர்தியிடம் யாரும் எதையும் வேண்டுவதில்லை. மொன்செராட் மலையின் கறுத்த அன்னையோ போட்டிக்கே அப்பாற்பட்டவள். 1881இல் பதின்மூன்றாம் சிங்கராயர் அவளைக் கத்தலோனிய மறைமாவட்டங்களின் பாதுகாவலியாக அறிவித்தபோது யாருடைய இடமும் பறிபோகவில்லை.

ஆக, கண்ணீர் எவுலாலியாவுக்கு மட்டும்தான். இறையியலின்படி இது பெரும் அபத்தம். விண்ணகத்தில் பொறாமைக்கு இடமில்லை. அதிலும் மெர்சே என்பது இயேசுவின் தாய். அவளுக்கு இடம் விட்டுக் கொடுத்ததற்காக ஒரு மறைசாட்சி மனம் நொந்து அழுகிறாள் என்று எந்தப் பங்குக்குருவும் பிரசங்கம் வைக்க முடியாது. அந்தக் கண்ணீரை அவளுக்குக் கொடுத்தது ஊர்தான். வெட்டுக்கிளி போனதற்காகப் பட்டத்தை மாற்றிக் கொடுத்த அதே ஊர், நியாயம் முழுவதும் தன் பக்கம் இல்லை என்பதை வாய்விட்டுச் சொல்ல முடியாமல், மழையின் வாயால் சொல்லிக்கொள்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். என் நண்பர் கடவுளை நம்பாமல் இருக்கலாம். தன் ஊர் ஒரு சிறுமிக்குப் பட்ட கடனை மறுக்க அவருக்கு மனம் வரவில்லை.

கொடியை எடுத்த காலை

இப்படி எண்ணுவதற்கு எனக்குத் துணையாக நிற்பது 1714 செப்டம்பர் 11. ஓராண்டுக்கு மேல் முற்றுகையில் கிடந்த பார்சிலோனாவின் மீது போர்போன் வம்ச அரசனின் படை இறுதித் தாக்குதல் தொடுத்த நாள் அது. அதற்குச் சில நாட்களுக்கு முன், படைத்தலைவர் வில்யரோயல் பதவி விலகியதும், அந்த இடத்தில் மெர்சே அன்னையையே தலைமைத் தளபதியாக அறிவித்திருந்தார்கள். நகரின் அதிகாரபூர்வப் பாதுகாவலி யார் என்பதில் எந்தக் குழப்பமும் இருக்கவில்லை. ஆனாலும் மதில் உடைந்து எதிரி உள்ளே புகுந்த விடியற்காலையில், நகர அவையின் முதல்வர் இரஃபேல் கசனோவா மக்களைத் திரட்டக் கையில் எடுத்துக்கொண்டு மதிலுக்கு ஓடியது எவுலாலியாவின் கொடியை. அவளுடைய உருவம் எழுதிய அந்தப் பழைய கொடி, நகருக்குப் பேராபத்து நேரும்போது மட்டும் வெளியே எடுக்கப்படுவது. கசனோவா தொடையில் குண்டு பட்டு விழுந்தார். அவரைத் தூக்கிச் சென்றது மெர்சே சபையாரின் கல்லூரியில் இயங்கிய மருத்துவமனைக்கு. எவுலாலியாவின் கொடியடியில் விழுந்தவருக்கு மெர்சேயின் கூரையடியில் கட்டுப் போட்டார்கள். கதை எழுதுகிறவன் இப்படி ஒரு நிகழ்ச்சியை அமைத்தால் செயற்கை என்று நானே அடித்துவிடுவேன்.

கொடிக்கான காரணம் மரபுதானே, போர்க்கொடி எப்போதும் அவளுடையதுதானே என்று மறுக்கலாம். அந்த மறுப்பு சரியானதே. ஆனால் 1687க்கும் 1714க்கும் இடையில் 27 ஆண்டுகள் இருந்தன. புதிய பாதுகாவலிக்குப் புதிய போர்க்கொடி தைக்க அவ்வளவு காலம் தேவையில்லை. பட்டத்தை மாற்றிய கைகள் கொடியை மாற்றவில்லை. விழாவுக்கும் நன்றிக்கும் ஒருத்தி, மதில் உடையும் காலைக்கு வேறொருத்தி என்ற ஏற்பாடு எங்கும் எழுதப்படாமலே நடைமுறையில் இருந்திருக்கிறது.

நகரம் வீழ்ந்தது, நூற்றுவர் அவை கலைக்கப்பட்டது, கத்தலோனியாவின் தன்னாட்சி அமைப்புகளை 1716இன் அரசாணை துடைத்தெறிந்தது. அந்தத் தோல்வி நாளைத்தான் கத்தலோனியர்கள் தங்கள் தேசிய நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். ஆண்டுதோறும் செப்டம்பர் 11 அன்று கட்சிகளும் சங்கங்களும் வரிசையாக வந்து மலர்வளையம் வைப்பது கசனோவாவின் சிலைக்கு. ரோசென்ட் நோபாஸ் வடித்த அந்தச் சிலையில் அவர் காயத்தோடு சாய்ந்தபடி கொடியைப் பற்றிக்கொண்டிருக்கிறார். 1939இல் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி அதை அகற்றியது, 1977இல் திரும்ப வைத்தார்கள். மெர்சே திருவிழாவுக்குப் பதின்மூன்று நாட்களுக்கு முன்பு, நாட்டின் ஆகப்பெரிய அரசியல் சடங்கில், மலர்கள் குவிவது எவுலாலியாவின் கொடிக்குக் கீழே. அன்று வருகிறவர்களில் எத்தனை பேர் கொடியில் இருப்பது யார் என்று யோசிப்பார்களோ தெரியாது. நான் விசாரித்த ஒருவர் அது கத்தலோனியக் கொடி என்று உறுதியாகச் சொன்னார்.

இப்போது

நகராட்சி சில காலமாகப் பிப்ரவரியில் எவுலாலியாவுக்குத் தனி விழா எடுக்கிறது. குளிர்காலப் பெருவிழா என்று பெயர், சிறுவர்களே மையம். மெர்சே விழாவில் பெரியவர்கள் செய்கிற எல்லாவற்றையும், தீப்பொறி ஓட்டம் வரை, பிள்ளைகள் தங்கள் அளவுக்குச் சுருக்கிச் செய்கிறார்கள். பதின்மூன்று வயதில் கொல்லப்பட்டவளுக்கு இது பொருத்தமான ஏற்பாடு என்று நினைக்கிறேன், பொது விடுமுறை இல்லாவிட்டாலும். எவுலாலியா என்ற நீண்ட பெயரை வீட்டில் லாயா என்று சுருக்கி அழைப்பார்கள். பல ஆண்டுகளாகக் கத்தலோனியாவில் பெண் குழந்தைகளுக்கு அதிகம் சூட்டப்படும் பெயர்களில் லாயாவும் ஒன்று. பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டால் இரண்டு மூன்று தலைகளாவது திரும்பும். மெர்சே என்ற பெயர் பெரும்பாலும் அவர்களுடைய பாட்டிகளுக்கு இருக்கிறது.